மிஸ்டர் பிரிங்கிள் என்னைக் குடிமகனாக்கிய கதை

போன மாதம் பிரியங்கா என்றொரு பெண் தொலைபேசியில் அழைத்தார். நான் வேலை செய்து ஓய்வுபெற்ற குடியுரிமைப் பிரிவில் இப்போது அவர் இருக்கிறார், கோயம்புத்தூர்ப் பிள்ளை. இந்தக் காலத்தில் விண்ணப்பதாரர்கள் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து சரியான விடையைத் தெரிவு செய்தால் போதும். அந்தப் பரீட்சையை இன்னொருமுறை மாற்றப் போகிறார்களாம். அதையொட்டிப் பழைய ஊழியர்களிடம் அனுபவம் எழுதி வாங்குகிறார்கள்.

"அங்கிள், உங்க காலத்துல கம்ப்யூட்டர் கிடையாது. ஒருத்தர் தேறுவாரா மாட்டாரான்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?"

"கேள்வி கேப்பம் பிள்ளை. அவை பதில் சொல்லுவினம்."

"உங்க சர்வீஸ்லயே ரொம்பச் சிக்கலான கேஸ் எது?"

"என்ரதான்."

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அதனால்தான் விபரமாக எழுத வேண்டியிருக்கிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நானும் மனைவி யோகமும் சிட்னிக்கு வந்தோம். உண்மையைச் சொன்னால் வந்தது யோகம்தான். ஆஸ்பத்திரி ஒன்றின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவளுடைய விண்ணப்பத்தில் 'கணவர்' என்ற இடத்தில் நான் இருந்தேன். யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் லிகிதராக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவன் இங்கே ஒரு பரீட்சை எழுதி, பரமட்டாவில் இருந்த குடியுரிமைப் பிரிவில் லிகிதராகச் சேர்ந்தேன். பயிற்சி இரண்டு வாரம். முதல் வாரம் படிவங்களின் இலக்கங்களைப் பாடமாக்கினேன். இரண்டாவது வாரம் ஆஸ்திரேலியர்கள் வாயைத் திறக்காமல் பேசுவதைப் புரிந்துகொள்ளப் பழகினேன்.

எங்கள் மேலதிகாரி மிஸ்டர் பிரிங்கிள். குள்ளமான, சுத்தமான மனிதர். அவருடைய மேசையில் மூன்று பென்சில்கள் எப்போதும் கூராக இருக்கும். நீலம் எழுதுவதற்கு. சிவப்பு, விண்ணப்பம் முடிவதற்கு முன் இறந்துபோனவர்களுக்கு. பச்சையை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. ஒருநாள் கேட்டேன். "எனக்கு மேல உள்ள ஆக்கள் ஆரும் வந்தா குடுக்கிறதுக்கு" என்றார். ஒருவரும் வரவில்லை. ஆனாலும் காலையில் மூன்றையும் சீவுவார். (அவர் பேசியது ஆங்கிலம். என் காதில் அது எங்களூர்த் தமிழாகத்தான் நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன்.)

அவர் அடிக்கடி சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "எனக்குத் தெரியும். ஃபைலுக்குத் தெரியாதே." பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் ஒரு கிரேக்கக் கிழவர் வந்து, "நான் பிறந்திருக்கிறேன், தெரியவில்லையா?" என்று நெஞ்சில் அடித்துக் கேட்டபோதும் பிரிங்கிள் இதையே சொன்னார். கிழவர் போய் மூன்று சத்தியக் கடதாசிகளோடு திரும்பி வந்து, தான் பிறந்ததை ஃபைலுக்குத் தெரிவித்தார்.

நேர்முகம் இப்படி நடக்கும். முதலில் ஆங்கில வாசிப்பு. அதற்கென்று பிரிங்கிள் ஒரு பத்திரிகைத் துண்டை மட்டையில் ஒட்டி வைத்திருந்தார். புல்வெட்டும் இயந்திரத்தை மழைக்காலத்தில் பராமரிப்பது எப்படி என்பது விஷயம். மேற்கு சிட்னியில் குடிமக்கள் ஆனவர்கள் எல்லோரும் அந்தத் துண்டை வாசித்துத்தான் ஆனார்கள். பிறகு குடிமகனின் உரிமைகள், கடமைகள் பற்றிச் சில கேள்விகள். பழைய கேள்விகள் குழப்பமாக இருந்ததால் என்னைக் கொண்டு புதிதாக எழுதுவித்தார்.

கார்மெலோ என்ற இத்தாலியச் சீமெந்து வேலைக்காரரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புல்வெட்டித் துண்டை வியர்க்க வியர்க்க வாசித்து முடித்தார்.

"ஒரு குடிமகனின்ர கடமை என்ன?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு முன்னால புல்லு வெட்டுறது."

"வேற?"

நன்றாக யோசித்தார். "பக்கத்து வீட்டுக்காரன் வெட்டாட்டி அவனுக்குச் சொல்லுறது."

பிரிங்கிளிடம் ஃபைலைக் கொண்டுபோனேன். இரண்டு முறை வாசித்துவிட்டு, 'போதிய அறிவு உண்டு' என்று நீலப் பென்சிலால் எழுதினார்.

கடைசியில் சத்தியப்பிரமாணம். நகரசபை மண்டபத்தில் மேயர் முன்னால் சொல்ல வேண்டியதை நாங்கள் முன்கூட்டியே சொல்லிப் பழக்குவோம். மற்றெல்லா விசுவாசங்களையும் கைவிட்டு, மகாராணிக்கு உண்மையாக இருப்பேன் என்பது சாரம். கைவிடுவதற்கான ஆங்கிலச் சொல் 'ரினவுன்சிங்'. அது ஒருவருடைய நாக்கிலும் ஏறாது. பத்துப் பேரில் ஒன்பது பேர் 'அனவுன்சிங்' என்பார்கள். அதாவது மற்றெல்லா விசுவாசங்களையும் அறிவித்து. இது செல்லுமா என்று பிரிங்கிளிடம் கேட்டேன். ஒரு நாள் அவகாசம் எடுத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "கைவிடுறவன் முதல் அறிவிக்கத்தானே வேணும். விடும்."

இப்படி நாலு வருடம். நான் சத்தியம் சொல்லிக் கொடுத்தவர்களில் யோகமும் ஒருத்தி. மூன்று வருடம் முடிந்த கையோடு அவள் விண்ணப்பித்துக் குடிமகள் ஆனாள். சத்தியம் எடுத்த அன்று மேயர் கொடுத்த செடியை நார்த்மீட்டில் எங்கள் வீட்டுக்கு முன்னால் நட்டாள். நான் அதைப் படம் எடுத்தேன்.

நான் குடிமகன் ஆகவில்லை. இலங்கையில் பிறந்தவன் அந்தக் காலச் சட்டத்தில் பிரிட்டிஷ் பிரஜை என்று அடங்குவான். அரசாங்க வேலை பார்க்கலாம், வாக்குப் போடலாம். கந்தோரில் கூட வேலை செய்தவர்கள் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. கார்மெலோ மட்டும் ஒருமுறை, "நீர் எப்ப சத்தியம் எடுத்தனீர்?" என்று கேட்டார். "நான் இஞ்ச வேலை செய்யிறன்" என்றேன். அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

அப்போதுதான் சிங்கப்பூரில் இருந்து தம்பி குணத்தின் கடிதம் வந்தது. கப்பல் கட்டும் தளத்தில் பொறியியலாளனாக இருந்தான். கலியாணம் நிச்சயமாகிவிட்டது, மூன்றரை மாதத்தில் முகூர்த்தம். 'அப்பா இல்லை. அவருடைய இடத்தில் நீங்கள்தான் நிற்கவேண்டும். வருவீர்கள்தானே அண்ணை?' என்று எழுதியிருந்தான்.

என் இலங்கைப் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். காலாவதியாக இரண்டு மாதம் இருந்தது. புதுப்பிக்க அனுப்பலாம் என்று காற்சட்டைப் பையில் வைத்தேன். அடுத்த நாள் சனிக்கிழமை. யோகம் உடுப்புத் தோய்க்கும் நாள்.

இயந்திரத்துக்குள் இருந்து அது வெளியே வந்தபோது இட்டலி மாதிரி ஊதியிருந்தது. மெதுவாகப் பிரித்தேன். படத்தில் என் முகம் போய்விட்டது. மூக்குக்கண்ணாடி மட்டும் மிஞ்சியிருந்தது.

"பொக்கற்றைப் பாக்காமல் போட்டிட்டியே" என்றேன்.

"உங்கட பொக்கற்றில எப்பவும் மூக்குத் துடைக்கிற லேஞ்சியும் பஸ் டிக்கற்றும்தான் கிடக்கிறது. இண்டைக்கு ஒரு நாடு கிடக்கும் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

தூதரகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். புதியது கொழும்பில் இருந்து வரவேண்டும், ஆறு மாதம் ஆகலாம் என்றார்கள். நான் அடுப்படியில், குசினிக் கதிரையில் உட்கார்ந்து, ஈரப் பாஸ்போர்ட்டை வடகம் காயவைக்கிறது மாதிரிப் பத்திரிகையில் பரப்பிக்கொண்டிருந்தேன்.

"இஞ்சேருங்கோ, ஊருக்கெல்லாம் பிரஜாவுரிமை குடுக்கிறியள். உங்களுக்கு ஒண்டு எடுக்கேலாதோ?" என்றாள் யோகம்.

திங்கட்கிழமை பிரிங்கிளின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"விண்ணப்பப் படிவம் ஒண்டு வேணும், மிஸ்டர் பிரிங்கிள்."

"படிவம் உம்மட அலுமாரியிலதானே கிடக்குது. ஆருக்கு?"

"எனக்கு."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். அவர் வேலை நேரத்தில் பென்சிலைக் கீழே வைத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நீர் இஞ்ச நாலு வருசமா ஆக்களுக்குச் சத்தியம் சொல்லிக் குடுக்கிறீர்."

"ஓம்."

"சத்தியம் எடுக்காமல்."

"ஓம்."

அவர் கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. எழுந்து போய்ச் சட்டப் புத்தகத்தை எடுத்து வந்தார். ஒரு உத்தியோகத்தர் தன்னுடைய ஃபைலையோ தன் குடும்பத்தின் ஃபைலையோ தொடக்கூடாது என்பது விதி. யோகத்துக்கு நான் சத்தியம் சொல்லிக் கொடுத்தது வீட்டுக் குசினியில் என்பதால் அது கணக்கில் வரவில்லை.

அன்றிலிருந்து கந்தோரில் நான் இரண்டு பேர்.

வருகிற படிவங்களை வாங்கிப் பாரமெடுக்கும் லிகிதர் நான். அதனால் என் படிவத்தை என்னிடம் கொடுக்க முடியாது. கந்தோர் வாசலில் இருந்த தபால் பெட்டியில் போடச் சொன்னார். போட்டேன். அடுத்த நாள் தபாலில் வந்தது. தபாலைப் பிரிக்கிறவனும் நான்தான். என் கையெழுத்தைக் கண்டதும் உறையைத் திறக்காமல் இரண்டு விரலால் பிடித்து, செத்த எலியைக் கொண்டுபோவது மாதிரி அவரிடம் கொண்டுபோனேன்.

அடுத்தது நன்னடத்தைச் சான்று. விண்ணப்பதாரரின் மேலதிகாரிக்குக் கடிதம் எழுதிக் கேட்கவேண்டும். பிரிங்கிள் பிரிங்கிளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அது வந்ததும் திகதி முத்திரை குத்தித் தன் தட்டில் வைத்தார். மூன்று நாள் அங்கேயே கிடந்தது. கலியாணத்துக்கு நாள் குறைந்துகொண்டே போனது. பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அந்தக் கடிதத்துக்குப் பதில்..."

"அந்தாள் இந்தக் கிழமை சரியான பிஸி" என்றார், தன்னைப்பற்றி. "நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

நாலாம் நாள் பதில் வந்தது. நேர்முகத்துக்கு நாளும் குறிக்கப்பட்டது. நான் அரைநாள் விடுமுறை எடுக்கவேண்டும் என்றார். விண்ணப்பதாரர் சம்பளத்தில் இருக்கக்கூடாதாம்.

நேர்முகத்தன்று தம்பியின் கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, நான் வழக்கமாக ஆட்களைக் கூப்பிடும் வாசலுக்கு வெளியே, மரவாங்கில் உட்கார்ந்திருந்தேன். வேறு ஒருவரும் இல்லை. சரியாகப் பத்து மணிக்குக் கதவு திறந்தது. பிரிங்கிள் காகிதத்தைப் பார்த்தார். வாங்கின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"மிஸ்டர்... முரு... முருகேசு... சுந்தரலிங்கம்?"

நாலு வருடமாக என்னை 'சுந்தா' என்று கூப்பிடுகிற மனிதர். எழுந்தேன். கை கொடுத்தார்.

"உங்களைச் சந்திச்சதில சந்தோசம். இருங்கோ. ஆங்கிலம் விளங்குமோ?" அதை மெதுவாகவும் உரத்தும் கேட்டார். நாங்கள் எல்லோரையும் அப்படித்தான் கேட்போம். கேட்கப்படுகிற இடத்தில் இருக்கும்போதுதான் அது எப்படி இருக்கும் என்று தெரிகிறது.

"ஓரளவுக்கு" என்றேன்.

ஃபைலைத் திறந்தார். "உங்கட மேலதிகாரி நல்லாத்தான் எழுதியிருக்கிறார். ஒண்டைத் தவிர. தேத்தண்ணிக் கோப்பையை ஃபைல் அலுமாரிக்கு மேல வைக்கிறனீங்களாம். உண்மையோ?"

"உண்மை."

"இனி?"

"வைக்கமாட்டன்."

குறித்துக்கொண்டார். புல்வெட்டித் துண்டை நீட்டினார். எனக்கு அது தேவாரம் மாதிரிப் பாடம். அவருடைய முகத்தைப் பார்த்தபடி மழைக்காலப் பராமரிப்பைச் சொல்லிக்கொண்டு போனேன். இடையில் மட்டையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக் கவிழ்த்து வைத்தார். நான் நிறுத்தவில்லை, எண்ணெய் மாற்றும் பந்தி வரைக்கும் போய்த்தான் நின்றேன். பிறகு கேள்விகள். ஒன்று விடாமல், ஒரு சொல் பிசகாமல் பதில் சொன்னேன். அவர் நீண்ட நேரம் எழுதினார்.

தலைகீழாக இருக்கும் எழுத்தை வாசிப்பது எங்கள் தொழிலில் தானாக வருகிற திறமை. அவர் எழுதியதை வாசித்தேன்: 'இந்த விண்ணப்பதாரருக்கு யாரோ முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.'

"மிஸ்டர் பிரிங்கிள், அந்தக் கேள்வியளை எழுதினதே நான்தானே."

"எனக்குத் தெரியும்" என்றார். "ஃபைலுக்குத் தெரியாதே."

அப்படி ஒரு குறிப்பு விழுந்தால் வழக்கம் என்னவென்று எனக்குத் தெரியும். விண்ணப்பம் ஆறு மாதம் தள்ளிப்போகும். அந்த விதிக்கான கடிதத்தை எத்தனையோ பேருக்கு நான்தான் தட்டச்சு செய்து அனுப்பினேன். மணவறையில் அப்பாவின் இடம் வெறுமையாக இருப்பதும், குணம் வாசலைப் பார்ப்பதும் கண்ணுக்குள் வந்தது.

பிரிங்கிள் கேள்வித்தாளை மடித்துப் பக்கத்தில் வைத்தார். "பாடமாக்காத கேள்வி ஒண்டு கேட்டாத்தான் இதைச் சரிக்கட்டலாம். மூண்டு வருசம் முடிஞ்சு கனகாலம். ஏன் இவ்வளவு நாளும் விண்ணப்பிக்கேல்லை?"

மறந்துபோனேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வேறொன்று வந்தது.

"எனக்கு அந்தச் சொல்லு சரியாச் சொல்ல வரும். அதுதான் பிரச்சினை."

"எந்தச் சொல்லு?"

"ரினவுன்சிங். மற்ற ஆக்கள் அறிவிச்சுப்போட்டுச் சந்தோசமாப் போயிடுவினம். நான் சொன்னா உண்மையாக் கைவிடவேணும். ஒவ்வொரு தையும் பிறக்கேக்க, அடுத்த வருசம் திரும்பிப் போறம் எண்டு யோகத்துக்குச் சொல்லுவன். அவள் ஓம் எண்டுவாள். பிறகு போய்த் தோட்டத்தில மரக்கறிக் கண்டு நடுவாள்."

அவர் பென்சிலை விரலுக்கு நடுவில் உருட்டினார். "இப்ப?"

"தம்பிக்குக் கலியாணம். அப்பா இல்லை. நான் போய் நிக்கவேணும்."

அவர் ஒரு வரி எழுதினார். அதை எழுதும்போது இடது கையால் மறைத்துக்கொண்டார். என் தொழில் திறமை அந்த இடத்தில் பலிக்கவில்லை. எழுந்து கை கொடுத்தார்.

"வந்ததுக்கு நன்றி, மிஸ்டர் சுந்தரலிங்கம். முடிவு தபாலில வரும்." கதவு வரைக்கும் வந்து, நான் வெளியே கால் வைத்ததும், "சுந்தா, பின்னேரம் வரேக்க கிரேக்கச் சங்கத்தின்ர ஃபைலைக் கொண்டு வாரும்" என்றார்.

முடிவு தபாலில் வந்தது. ஏற்கப்பட்டிருந்தது. ஒரு வருடம் கழித்து என் ஃபைல் களஞ்சியத்துக்குப் போகும் வழியில் என் கையில் அகப்பட்டது. விதியை மீறித் திறந்தேன். சொல்லிக் கொடுத்தவர்களைப் பற்றிய வரி வெட்டப்பட்டிருந்தது. கீழே, 'தாமதத்துக்குக் காரணம்: வேலைப்பளு' என்று இருந்தது. நான் ஒவ்வொரு நாளும் வேலை முடியும் நிமிடத்தில், நாலு ஐம்பத்தொன்றுக்கு, கந்தோரை விட்டு வெளிக்கிடுகிறவன். அது அவருக்குத் தெரியாததல்ல. அவர் கையால் எழுதிய பொய் என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

சான்றிதழ்களைத் தட்டச்சு செய்வதும் என் வேலை. என்னுடையதை நான் செய்யக்கூடாது. பிரிங்கிள் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு விரலால் தானே அடித்தார். ஒரு பின்னேரம் முழுக்க 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும், நாங்கள் காத்திருப்போம், பிறகு இன்னொரு 'டொக்'.

வைபவத்துக்குப் பிரிங்கிள் வந்து மேடையின் ஓரத்தில் இருந்தார். அந்த வருடங்களில் தேசிய கீதம் பழைய மகாராணிப் பாட்டா, புதிய பாட்டா என்பதில் நாட்டுக்கே தெளிவில்லை. இசைத்தட்டு ஒன்றைப் பாட, மண்டபத்தில் பாதிப் பேர் மற்றதைப் பாடினார்கள். மேயர் இரண்டுக்கும் பொதுவாக வாயசைத்தார். என் முறை வந்தது. கையை உயர்த்தி, நாலு வருடமாகப் பிறருக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். அந்தச் சொல் வந்த இடத்தில் என் நாக்கு 'அனவுன்சிங்' என்றது. வேண்டுமென்று சொன்னேனா, தவறித்தான் வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிரிங்கிள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் சப்பாத்துகளைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து யோகம் சான்றிதழை வாசித்தாள்.

"நீங்கள் எங்க பிறந்தனீங்கள்?"

"இதென்ன கேள்வி? யாழ்ப்பாணம்."

"இதில அப்பிடி இல்லை."

ஆங்கிலத்தில் 'ஜாஃப்னா' என்று இருக்க வேண்டிய இடத்தில் நடுவில் ஒரு 'என்' எழுத்து விடுபட்டு, 'ஜாஃபா' என்று இருந்தது. அது இஸ்ரேலில் உள்ள துறைமுகப் பட்டினம். தோடம்பழத்துக்கு, அதாவது ஆரஞ்சுக்கு, பேர்போனது. திருத்தக் கொடுத்தால் எட்டுக் கிழமை. கலியாணத்துக்கு இருந்தது நாலு. பாஸ்போர்ட் அலுவலகத்தில் சான்றிதழைப் பார்த்து அப்படியே எழுதினார்கள்.

சிங்கப்பூர் விமான நிலையத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஒரு தமிழர். பாஸ்போர்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பட்டு வேட்டிப் பெட்டியையும், யோகம் கையில் வைத்திருந்த பலகாரத் தகரப் பேணியையும் பார்த்தார்.

"சார் பிறந்தது இஸ்ரேலா?"

"ஓம்" என்றேன்.

"தமிழ் நல்லாப் பேசுறீங்க."

"சின்ன வயசிலேயே வெளிக்கிட்டிட்டன்."

யோகம் பேணியை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அது குலுங்கியது. அவர் முத்திரை குத்தினார். அடுத்த வெள்ளிக்கிழமை அப்பாவின் இடத்தில் நான் நின்றேன். குணம் காலில் விழுந்து எழும்பும்போது அவனுடைய தலைப்பாகை என் கோட்டுப் பொத்தானில் சிக்கி, ஐயர் வந்து பிரித்துவிட வேண்டியிருந்தது.

திரும்பி வந்து அந்தப் பிழையைத் திருத்த நான் விண்ணப்பிக்கவில்லை. திருத்துவதென்றால், தட்டச்சு செய்த உத்தியோகத்தர் தன் தவறை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்கவேண்டும். பிரிங்கிள் அந்த வருடம் ஓய்வுபெற இருந்தார். பிரியாவிடையில் அவருடைய சேவையில் ஒரு பிழைகூட இல்லை என்று எல்லோரும் பேசினார்கள். நான்தான் அதிகம் கைதட்டினேன்.

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு அவரிடமிருந்து வாழ்த்து அட்டை வந்தது. வழக்கமான வாழ்த்து, வழக்கமான கையெழுத்து. அதற்குள் தபால்தலை அளவில் ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டு கிளிப்பில் செருகியிருந்தது. அதில் நட்டநடுவில் 'என்' என்ற ஆங்கில எழுத்து மட்டும் தட்டச்சில் அடித்திருந்தது. அட்டையின் அடியில் இடது மூலையில் சின்னதாக எழுதியிருந்தார்:

'இணைப்பு: ஒன்று.'